பாசிட்டிவ் பிரஷர் வென்டிலேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘நேர்மறை அழுத்தக் காற்றோட்டம்’, அதற்கான கருவி ‘புகை வெளியேற்று விசிறி’. இரண்டையும் தீயணைப்புக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

முதற்சொல்லைத் திருத்தினால் போதும். இரண்டாவது அறவே வேண்டாம்.

நேர்மறை என்றால் எண்ணும் எண்ணப்போக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே நடப்பது எளிய செயல்: வாசலுக்கு வெளியே நிற்கும் விசிறி காற்றை உள்ளே செலுத்த, கட்டடத்தின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சில பாஸ்கல் (அழுத்த அலகு), மிஞ்சினால் சில பத்துப் பாஸ்கல் கூடுகிறது. ஆகவே மிகையழுத்தம், அதன் எதிரிணை குறையழுத்தம். காற்றோட்டம் சன்னலைத் திறந்தாலே கிடைத்துவிடும். இங்கே நோக்கம் புகையை அகற்றுவது என்பதால் ‘மிகையழுத்தப் புகைநீக்கம்’ என்கிறேன். ‘புகைபோக்கல்’ இன்னும் நல்ல தமிழ்தான், ஆனால் புகைபோக்கி கூரைமேல் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது.

‘புகை வெளியேற்று விசிறி’ என்ற பெயர் ஸ்மோக் எஜெக்டருக்கே பொருந்தும். அதைச் சன்னலிலோ கதவின் மேற்பகுதியிலோ தொங்கவிட்டு உள்ளிருக்கும் புகையை வெளியே இழுப்பார்கள். கரியும் சூடும் அதன் இறக்கைகள் வழியாகவே போகும். சுற்றியுள்ள இடைவெளியைத் தார்ப்பாயால் அடைக்காவிட்டால் வெளியே தள்ளிய புகையே பக்கவாட்டில் திரும்பி உள்ளே வரும். மிகையழுத்த விசிறி நிற்பதோ வெளியே, தூய காற்றில், வாசலைப் பார்த்தபடி. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் கையேட்டைப் படிப்பவர் விசிறியைத் திருப்பி வைக்க நாமே வழிசெய்தவர்களாவோம். உந்துவிசிறி, உறிஞ்சுவிசிறி என்று பிரிப்போம்.

> ‘உந்து’ என்றால் காற்று புகையைத் துடைப்பம்போலப் பெருக்கித் தள்ளுவதாக நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். விசிறியை வாசற்படியோடு ஒட்டி வைக்கும் பிழை அந்த எண்ணத்தில்தான் பிறக்கிறது. அதனால்தான் செயல்முறையின் பெயரில் ‘அழுத்தம்’ இருந்தே ஆகவேண்டும். ‘உந்து’ கருவியின் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

ஒட்டி வைத்தால் காற்று வாசலின் நடுவில் மட்டும் பாயும். நிலையின் மேல்மூலைகள் வழியே புகை எதிர்த்து வெளியேறும், உள்ளே அழுத்தம் ஏறாது. மிகத் தள்ளி வைத்தால் காற்றில் பெரும்பகுதி சுவரில் மோதி வீணாகும். விசிறியிலிருந்து விரியும் காற்றுக்கூம்பு வாசலின் நான்கு ஓரங்களையும் மூடவேண்டும். வழக்கமான விசிறிக்கு 1.2 முதல் 1.8 மீட்டர் தொலைவில் தொடங்கி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, முன்பின் நகர்த்திச் சரிசெய்வார்கள். டொலிடோ நகரில் 30 மாடிக் கட்டடம் ஒன்றில் நடந்த சோதனைகள் பற்றி அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் (என்ஐஎஸ்டி) 2007-இல் வெளியிட்ட அறிக்கையும் இந்தத் தொலைவையும், குறைந்தது 5 பாகைச் சாய்வையும்தான் சொல்கிறது. இரண்டு விசிறிகள் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதைவிட, வாசலை நோக்கி இருபுறமிருந்தும் சாய்வாக நிறுத்துவதே மேல் என்பதும் அதில் உண்டு.

மேல்மூலையில் புகை வெளிவருகிறதா என்று பார்த்தாலே மூடியிருப்பது தெரிந்துவிடும். வீரர்கள் வாசலில் நின்றாலே கூம்பு உடையும். இது அடிக்கடி நடக்கிறது. கூம்பு மூடிய நிலையை ‘வாசல்மூட்டம்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். புகைமூட்டத்தோடு குழம்பும். ‘கூம்புமூடல்’ போதும்.

> காற்று நுழையும் திறப்பு, புகை வெளியேறும் திறப்பு?

புகுவாய், போக்குவாய். இவை இரண்டும் இல்லாமல் ஒரு கட்டளைகூடத் தமிழில் சொல்ல முடியாது: “போக்குவாயைத் திற, பிறகு விசிறியை ஓட்டு.” இந்த வரிசை தலைகீழானால் அழுத்தம் ஏறியதும் புகையும் வெப்பமும் வழி தேடும். உள்ளே இருக்கும் வீரர்கள்மீதும், சுவரிடுக்குகளிலும், உட்கூரை மேலும் பாயும். தீயை அணைத்தபின் புகை நீக்கும்போது போக்குவாய் ஏறத்தாழப் புகுவாயின் அளவில் இருந்தால் அழுத்தம் நிற்கும். மற்ற அறைக்கதவுகளைச் சாத்தி ஓர் அறையைத் தெளிவாக்கி, பிறகு அடுத்ததைத் திறக்கவேண்டும். எல்லாச் சன்னல்களையும் ஒருசேரத் திறப்பவர் அழுத்தத்தைத் தானே கொட்டிவிடுகிறார். போக்குவாய் வெளிக்காற்று வீசும் திசைக்கு எதிரே அமைந்தாலும் விசிறி தோற்கும்.

தீ எரியும்போதே விசிறியை ஓட்டுவதை இதே சொல்லில் அடக்கக் கூடாது. அதற்கு ‘மிகையழுத்தத் தாக்குதல்’ எனத் தனிச்சொல் வேண்டும். அங்கே போக்குவாய் புகுவாயைவிடப் பெரிதாகவும், தீ எரியும் அறையிலேயேயும் அமையவேண்டும். தீ இருக்குமிடம் தெரியவில்லை, போக்குவாய்ப் பக்கம் ஆள் சிக்கியிருக்கலாம், சுவருக்குள் தீ ஓடியிருக்கலாம் என்றால் விசிறி நிறுத்தியே இருக்கட்டும். காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும் தீக்கு அது ஆக்சிஜன் ஊட்டுகிறது.

> ‘மின்விசிறி’ என்றே எழுதினால் என்ன?

பல உந்துவிசிறிகள் பெட்ரோல் எஞ்சினில் ஓடுகின்றன. எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடும் காற்றோடு உள்ளே போகும். புகை தெளிந்தபின்னும் அந்த வாயுவின் அளவுமானி இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே எஞ்சின் உந்துவிசிறி, மின்கல உந்துவிசிறி என்று இரு உட்பதிவுகள் வேண்டும். தண்ணீர்க் குழாய்முனையைச் சன்னல் வழியே வெளியே தெளித்துப் புகையை இழுக்கும் முறை குறையழுத்தப் பிரிவில் ‘நீர்த்தெளிப்புப் புகைநீக்கம்’ என்று வரட்டும்.