‘கிராஷ் கார்டு’க்குத் தமிழ்ச் சொல்: மின் ஸ்கூட்டர் கையேட்டுக்காக

செ., அல்சூர்

அனைவருக்கும் வணக்கம்.

மின் ஸ்கூட்டரில் டெலிவரி வேலை செய்பவர்களுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. பெங்களூரில் சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் கொடுப்பதற்காக. எந்தத் துணைப்பொருளை வாங்கலாம், எதை வாங்கினால் வீண், எது ஆபத்து என்று சொல்லும் கையேடு. தலைக்கவசம், கையுறை, மழைக்கோட்டு இவற்றுக்கெல்லாம் சொல் இருக்கிறது. வண்டியின் பக்கவாட்டில் மாட்டும் வளைந்த குழாய்க் கம்பி, அதாவது ‘கிராஷ் கார்டு’ என்ற இடத்தில் மட்டும் எழுத்து நின்றுவிட்டது. வரைவில் இப்போதைக்கு ‘விபத்துக் காப்பு’ என்று போட்டிருக்கிறேன். உங்கள் கருத்து?

ந., ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்

செ. ஐயா, ‘விபத்துக் காப்பு’ வேண்டவே வேண்டாம். படிப்பவர் கண்ணுக்கு அது ‘விபத்துக் காப்பீடு’தான். “விபத்துக் காப்பு 2,000 ரூபாய்” என்று எழுதினால், பாலிசி எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள்.

‘காலரண்’ சரிப்படுமா? கால் + அரண். சின்ன சொல். ‘லெக் கார்டு’ என்று கேட்டு வாங்குபவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

வ., ஜே.சி. ரோடு

பெயருக்குப் போகுமுன் பொருளைப் பார்த்துவிடலாம். கடையில் இதை சைடு கார்டு, லெக் கார்டு, பம்பர் என்று பலவிதமாகக் கேட்கிறார்கள். எல்லாம் ஒரே வளைகம்பிதான். இதில் மிகத் தவறான பெயர் லெக் கார்டு. ஏனென்றால் இது காலைக் காப்பதில்லை.

மின் ஸ்கூட்டர் பெரும்பாலும் 110 முதல் 125 கிலோ இருக்கும். அடித்தளப் பார்க்கிங்கின் சறுக்கலில், மழைநாளில் டிராபிக்கில் கால் ஊன்றும்போது, சைடு ஸ்டாண்டு மண்ணில் புதைந்து என்று வண்டி சரிவது நின்ற இடத்தில்தான் அதிகம். அப்போது கம்பி தரையைத் தொட்டு எடையை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டு பிளாஸ்டிக் தப்பும். அதன் வேலை அவ்வளவுதான். 40 கி.மீ. வேகத்தில் ஒரு கார் பக்கவாட்டில் இடித்தால் 22 மி.மீ. குழாய் வளைந்து கொடுத்துவிடும். உள்பக்கமாக வளைந்தால் பாதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ‘காலரண்’ என்று அச்சடித்துக் கொடுத்தால், ஷூவும் முட்டிக் கவசமும் வாங்க வைத்திருந்த காசை இந்தக் கம்பியில் போட்டுவிடுவார்கள்.

மின் ஸ்கூட்டரில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. பல மாடல்களில் பேட்டரி, கால் வைக்கும் பலகைக்கு நேர் அடியில். கம்பியின் கீழ்க் கிளாம்பை பேட்டரிப் பெட்டியின் ஓரத்திலோ அதைத் தாங்கும் தட்டிலோ மாட்டினால், வண்டி சரியும்போது அடி நேராகப் பேட்டரிக்குப் போகும். கம்பி இல்லாமல் விழுந்திருந்தால் பிளாஸ்டிக் மட்டும் போயிருக்கும்; கம்பி இருப்பதால் பேட்டரிப் பெட்டி நசுங்கும். எனவே வண்டி செய்த கம்பெனி அந்த மாடலுக்கென்று கொடுக்கும் போல்ட் துளைகளில் மட்டும் மாட்ட வேண்டும். பலகையில் புதிதாகத் துளை போடக் கூடாது. வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பட்டை வைத்து ஆர்க் வெல்டிங் செய்யவே கூடாது: வெல்டிங் மின்னோட்டம் சட்டத்தின் வழியே ஓடி மோட்டார் கன்ட்ரோலரையும் பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்றுப் பலகையையும் சுட்டுவிடலாம். பெட்ரோல் வண்டிக்குச் செய்து பழகிய கை இதை யோசிக்காது.

மு., மர்பி டவுன்

வ. அண்ணா சொன்னதைப் பார்த்தால் இதன் வேலை காப்பதல்ல, தாங்குவது. ‘தாங்கி’ என்று முடியும் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே நன்றாக ஓடுகின்றன: சுமைதாங்கி, இடிதாங்கி. இரண்டும் பாரத்தையோ அடியையோ தாமே வாங்கி மற்றதை விடுவிக்கும் பொருள்கள். அந்த வரிசையில் ‘விழுதாங்கி’ வைக்கலாமா?

கு., இந்திரா நகர்

‘இடிதாங்கி’யே இதற்கு வாகாகப் பொருந்தியிருக்கும்: கார்க்காரன் இடித்தால் தாங்கும். ஆனால் வானத்து இடிக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

‘விழுதாங்கி’யில் இரண்டு இடறல். ஒன்று, கண் அதை ‘விழுது’ என்று பிரித்துப் படிக்கும். அல்சூர் ஏரிக்கரை ஆலமரத்தைத் தாங்கும் கம்பமோ என்று நினைக்க வைக்கும். இரண்டாவது இலக்கணம். சுமைதாங்கியில் ‘சுமை’ பெயர்ச்சொல். சுமையைத் தாங்குவது என்று வேற்றுமையாக விரியும். ‘விழு’ வினையடி. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி ‘விழுதாங்கி’யும் வினைத்தொகையாகி, ‘விழுகின்ற தாங்கி’ என்று பொருள் தரும். அதாவது கம்பியே கழன்று விழுகிறது! சில கடைகளில் மாட்டும் லட்சணத்துக்கு அது பொருந்தலாம். கையேட்டில் வேண்டாம்.

முன்னே பெயர்ச்சொல்தான் வர வேண்டும். ‘சாய்வுதாங்கி’ என்று எழுதிப் பார்த்தேன். அது பின்னால் உட்காருபவரின் முதுகு சாயும் பேக்ரெஸ்ட் என்று தோன்றும். அதுவும் ஒரு துணைப்பொருள்தான், குழப்பம். ‘மோதல்தாங்கி’ என்றால் மீண்டும் கிராஷ், மோதலில் காக்கும் என்று வ. அண்ணா வேண்டாம் என்ற அதே வாக்குறுதி.

‘சரிவுதாங்கி’? “வண்டி சரிஞ்சிடுச்சு” என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். “விபத்தானது” என்று நின்ற இடத்தில் சாய்ந்த வண்டியை யாரும் சொல்வதில்லை. எந்த அளவு அடிக்கு உரியது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ந., ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்

காலரணைத் திரும்பப் பெறுகிறேன். ‘சரிவு’ என்றதும் நிலச்சரிவும் தங்கம் விலைச் சரிவும் நினைவுக்கு வரும். ஸ்கூட்டர் படத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் குழப்பம் நிற்காது.

இதை வைத்துக் கையேடு முழுக்க ஒரு பிரிவினை செய்துவிடலாமே. உடம்பில் அணிவது எல்லாம் ‘கவசம்’, வண்டியில் மாட்டுவதற்கு அந்தச் சொல் கிடையாது. தலைக்கவசம், முட்டிக் கவசம், முதுகுக் கவசம் ஒரு பக்கம். சரிவுதாங்கி, சேலை சிக்காமல் இருக்கச் சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டு இன்னொரு பக்கம். சாரி கார்டு துணைப்பொருள் கணக்கிலேயே வராது என்பதையும் எழுதுங்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது. சரிவுதாங்கி மாட்ட இடைஞ்சல் என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள்.

கவசப் பக்கத்துக்கு என் குறிப்புகள். தலைக்கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேல் ‘ஐ.எஸ். 4151’ என்றும், கீழே ‘சி.எம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, செல்லுபடியாகிறதா என்று தெரியும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத தலைக்கவசத்தை விற்கவே கூடாது. ஆனாலும் நடைபாதையில் கிடைக்கிறது. அளவு பார்க்க, புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றுங்கள்: 58 செ.மீ. என்றால் மீடியம், 60 என்றால் லார்ஜ். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். தலைக்கவசம் மட்டும் தனியாகச் சுழன்றால் பெரிசு. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கித்தான் அடியை வாங்கும், திரும்ப உப்பாது. ஒரு விபத்தில் அடி வாங்கியதை வெளியே கீறல் இல்லை என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

முட்டிக் கவசத்தில் ‘இ.என். 1621-1’ என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடச் சொல்லுங்கள். முதல் நிலை என்றால் சோதனை அடியில் அடுத்த பக்கம் போகும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள், இரண்டாம் நிலை என்றால் 20க்குள். எண்ணே இல்லாத பிளாஸ்டிக் கிண்ணம் சிராய்ப்புக்கு மட்டும்தான். வெயிலில் பத்து மணி நேரம் ஓட்டுபவர் கனமான ஜாக்கெட்டைப் போட மாட்டார். வலை ஜாக்கெட்டு, கணுக்காலை மூடும் ஷூ, முட்டிக் கவசம் இந்த மூன்றும் போதும் என்பது என் கருத்து.

வ., ஜே.சி. ரோடு

சரிவுதாங்கி எனக்குச் சம்மதம். இப்போது நான் மாட்டும் பக்கத்தை எழுதுகிறேன், செ. ஐயா தேவையானதை எடுத்துக்கொள்ளட்டும்.

குழாய் 22 அல்லது 25 மி.மீ. விட்டம், சுவர்த் தடிப்பு 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பளபளவென்று இருப்பதெல்லாம் ஒன்றல்ல. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கடைக்காரர் காட்டுவார். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. வித்தியாசம் நிக்கலில்: 304இல் குறைந்தது 8 விழுக்காடு, 202இல் 4 முதல் 6. இரண்டாவது மழையிலேயே வெல்டிங் ஓரத்தில் பழுப்பு நிறம் தெரிந்தால் அது 202ஆக இருக்கலாம். இரும்புக் குழாய்க்குப் பவுடர் பூச்சு அடித்ததும் மோசமில்லை, குழாயின் வாய் மூடியிருந்து அடிப்பக்கத்தில் 4, 5 மி.மீ. துளை ஒன்று இருந்தால். துளை இல்லையென்றால் தண்ணீர் உள்ளே நின்று, வெளியே பெயின்ட் புதிதாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும்.

எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம்? முன்னால் நின்று பார்த்தால் கம்பியின் வெளி வளைவு, கைப்பிடி நுனிக்கு உள்ளேயே அடங்க வேண்டும். வெளியே போனால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பக்கத்து வண்டியின் சைலன்சரில் கொக்கி போடும். மின் ஸ்கூட்டர் பலவற்றில் ரிவர்ஸ் வேறு இருப்பதால், பார்க்கிங்கில் பின்னால் எடுக்கும்போதும் இதே கதை. ரொம்ப உள்ளே இருந்தால் பிளாஸ்டிக்தான் முதலில் தரையைத் தொடும். ஒரு நேரான கம்பை எடுத்து, ஒரு முனையைத் தரையில் டயரின் பக்க விளிம்பில் வைத்து, சரிவுதாங்கியின் வெளி வளைவில் சாய்த்துப் பாருங்கள். வண்டியின் பிளாஸ்டிக் எந்த இடத்திலும் கம்பைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த மாடலுக்குச் செய்ததல்ல.

மாட்டியபின் பார்க்க வேண்டியவை: சார்ஜிங் மூடி முழுக்கத் திறக்கிறதா, சைடு ஸ்டாண்டு தடையில்லாமல் மடிகிறதா, இரண்டு பேர் உட்கார்ந்து நம் ஊர் ஹம்ப்பில் (வேகத்தடையில்) ஏறி இறங்கும்போது கீழ் வளைவு உரசுகிறதா. 8 மி.மீ. போல்ட்டுக்குக் கம்பெனி அளவு கொடுக்கவில்லை என்றால் 22 முதல் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம், 200 கி.மீ. ஓடியதும் ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டும். ‘விழுகின்ற தாங்கி’ என்று கு. சொன்னது இங்கேதான் உண்மையாகிறது.

இந்தக் கம்பியில் பலர் கூடுதல் விளக்கு மாட்டுகிறார்கள். 40 வாட் விளக்கு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6.7 ஆம்பியர். மின் ஸ்கூட்டரில் அந்த 12 வோல்ட், பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. அதன் அளவைத் தாண்டினால் அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இருட்டில் முகப்பு விளக்கும் டிஸ்பிளேயும் சேர்ந்தே போகும். ஹெட்லைட் ஒயரைச் சீவி ஒட்டுப் போடுவது வாரன்டியையும் கெடுக்கும். விளக்குக்குப் பதில் ஒளி திருப்பும் பட்டைகளை டெலிவரிப் பெட்டியிலும் தலைக்கவசத்திலும் ஒட்டச் சொல்வேன். மின்சாரமே வேண்டாம்.

மு., மர்பி டவுன்

வ. அண்ணா, வண்டி சரிந்து தாங்கி அடியை வாங்கிக்கொண்டது, வண்டியும் ஓடுகிறது. அதன்பின் என்ன பார்ப்பது? அதைத்தான் டெலிவரிப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

வ., ஜே.சி. ரோடு

குனிந்து பலகையின் அடியைப் பார்க்க வேண்டும். பேட்டரிப் பெட்டியில் பள்ளம், விரிசல், கசிவு, வழக்கமில்லாத சூடு, இனிப்பும் காரமும் கலந்த மாதிரி ரசாயன வாடை எது இருந்தாலும் சார்ஜ் போடக் கூடாது. வண்டியைத் திறந்த வெளியில், வீட்டுக்கும் மற்ற வண்டிகளுக்கும் தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸைக் கூப்பிட வேண்டும். அடிபட்ட செல் அந்த நிமிடமே சூடேற வேண்டும் என்பதில்லை. சில மணி நேரம் கழித்து, சார்ஜில் இருக்கும்போதும் பற்றலாம். தாங்கி வளைந்திருந்தால் சுத்தியலால் நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள். ஒருமுறை வளைந்த குழாய் அதே இடத்தில் அடுத்த முறை சுலபமாக மடியும்.

செ., அல்சூர்

எல்லாருக்கும் நன்றி. பதிவு இப்படி இருக்கிறது:

“சரிவுதாங்கி: நின்ற இடத்திலோ மெதுவாகப் போகும்போதோ வண்டி சரிந்தால், எடையை வாங்கிக்கொள்ளும் வளைகம்பி. கடையில் சைடு கார்டு என்று கேளுங்கள். பிளாஸ்டிக், கண்ணாடி, பிரேக் லீவரைக் காக்கும். காலைக் காக்காது. கம்பெனி கொடுத்த துளைகளில் மட்டும் மாட்டவும். பேட்டரிப் பெட்டியில் மாட்டக் கூடாது, வெல்டிங் கூடாது.”

கு., ‘சரிவுத்தாங்கி’ என்று ஒற்று மிகுமா?

கு., இந்திரா நகர்

மிகாது. சுமைதாங்கி, இடிதாங்கி போலவே. கையேட்டில் அப்படியே போடுங்கள்.

வ., ஜே.சி. ரோடு

பதிவில் ‘கண்ணாடி, பிரேக் லீவர்’ இரண்டையும் எடுத்துவிடுங்கள் ஐயா. தாங்கி தரையைத் தொட்டபின் வண்டி அதன்மேல் சற்றுச் சுழன்று கைப்பிடி நுனியும் தரைக்கு வரும். எடை முழுக்க அதில் இறங்காது, ஆனால் கண்ணாடி உடையும், லீவர் வளையும். ‘பிளாஸ்டிக்கைக் காக்கும்’ என்பது மட்டும் நிற்கட்டும்.

செ., அல்சூர்

எடுத்துவிட்டேன். அடுத்தது குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் சேஃப்டி ஹார்னஸ். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இது கட்டாயம் என்று 2022 பிப்ரவரியில் விதி வந்தது. 30 கிலோ வரை தாங்க வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. ‘சேணம்’ என்று ஒருவர் எழுதியனுப்பியிருக்கிறார். பிள்ளைக்குச் சேணமா? ‘அணைவார்’ (அணை + வார்) என்று நான் யோசிக்கிறேன். தனி இழையாகத் தொடங்குகிறேன்.