வெப் ஸ்க்ரேப்பிங்: சுரண்டலா, துருவலா? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோவை மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். வலைப்பக்கங்களிலிருந்து உள்ளடக்கம் எடுத்துத் தரும் ஒரு சேவையின் இடைமுகம் தமிழாக்கத்துக்காகக் கையில் இருக்கிறது. இந்த வேலையைத்தான் ஆங்கிலத்தில் வெப் ஸ்க்ரேப்பிங் என்கிறார்கள், தமிழில் என்ன சொல்லலாம்? முகவரியைக் கொடுத்தால் போதும். அதுவே பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடி முடியும்வரை காத்திருந்து, பட்டி (மெனு), விளம்பரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கட்டுரையை மட்டும் ஜேசான் என்னும் தரவு வடிவில் கொடுக்கும். அகராதியைப் பார்த்து ‘இந்தப் பக்கத்தைச் சுரண்டு’ என்று பொத்தானில் போட்டேன். எட்டிப் பார்த்த என் அக்கா, “எத்தனை ரூபாய் விழுந்துச்சு?” என்கிறாள்.

பொத்தானுக்கு ஓர் ஏவல், கருவிக்கு ஒரு பெயர், தலைப்புக்கு ஒரு தொழிற்பெயர். மூன்றும் ஒரே வேரில் வந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

மதுரைப் பேராசிரியர்:

தம்பி, சுரண்டிப் பார்க்கும் சீட்டு உட்பட லாட்டரியே 2003-இல் தமிழ்நாட்டில் ஒழிந்தாயிற்று, அக்காவுக்கு நல்ல நினைவாற்றல்! ஆனால் சுரண்டல் என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது உழைப்புச் சுரண்டல். துருவு என்று போடுங்கள். தேங்காயும் துருவுகிறோம், ‘துருவித் துருவிக் கேட்டார்’ என்றும் சொல்கிறோம். எடுப்பதும் தேடுவதும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. துருவு, துருவி, துருவல். மூன்றும் ஆயிற்று.

யாழ்ப்பாணத்து அன்பர்:

எங்கள் பக்கம் தேங்காய் திருவுவதுதான் வழக்கம் ஐயா, கருவி திருவலை. துருவி என்றால் விளங்கும், ஆனால் வாயில் வராது. ‘வலைத்திருவல்’ என்றால் குற்றமா?

தஞ்சைப் புலவர்:

துருவே மூலம், திரு பேச்சுத் திரிபு என்பது என் துணிபு. துர என்னும் அடியைப் பாருங்கள். துரப்பணம் துளையிடும் கருவி. ‘தோட்டம் துரவு’ என்கிறோமே, அந்தத் துரவு தோண்டிய கிணறு. தேங்காய் துருவும் கருவிக்கு மலையாளத்தில் வழங்கும் சிரவையும் இந்தக் குடும்பமாக இருக்கலாம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன். ஆனாலும் எனக்கு உவப்பான சொல் தேர்தல். ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ (குறுந்தொகை 2). பூவைக் கெடுக்காமல் தேனை மட்டும் தேர்ந்தெடுக்கும் தும்பியைவிட இந்தச் சேவைக்குப் பொருத்தமான உவமை உண்டா?

பெங்களூர் நிரலர்:

‘இணையத் தேர்தல்’ என்று பொத்தான் வைத்தால் வாக்குச்சாவடி எங்கே என்று கேட்பார்கள் ஐயா.

ஸ்க்ரேப்பிங் என்றே விடுங்கள். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தோடு வந்து சேரும் சொல்லை விலக்க வேண்டாம் என்று தொல்காப்பியரே அனுமதி கொடுத்துவிட்டார். தவிர, துருவல் ஆழமாகப் போகிறது. நாங்கள் பக்கத்தின் மேலே இருப்பதை வழித்தெடுக்கிறோம், அவ்வளவுதான்.

தஞ்சைப் புலவர்:

அதே தொல்காப்பியர்தான் ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி எழுது என்றும் சொன்னார். உம் ஸ், க்ர எல்லாவற்றையும் ஒருவி ‘இசுகிரேப்பிங்கு’ என்று எழுதத் தயாரா?

பெங்களூர் நிரலர்:

அது வடசொல்லுக்கான விதி. ஆங்கிலத்துக்கு நீட்டக் கூடாது.

(இதன்பின் பதினொரு மடல்கள் இதைப் பற்றியே. கோவைக்காரர் நடுவில் இரண்டு முறை ‘நாளை வியாழன்’ என்று எழுதினார்.)

திருச்சி நூலகர்:

பழம்பாடல்கள் உள்ள ஒரு சிறு தளத்தை நடத்துகிறேன். போன மாதம் ஓர் இரவு இரண்டு மணிக்கு யாரோ இப்படி ஒரு சேவையை ஏவிவிட்டார்கள். பதிவேட்டில் பார்த்தால் ஒரே தாலாட்டுப் பக்கத்தை ஒரு நிமிடத்தில் நாற்பது முறை, ஒவ்வொரு முறையும் வேறு ஐபி முகவரியிலிருந்து (வேறு கணினி போல) கேட்டிருக்கிறது. காலையில் மாதத் தரவு ஒதுக்கீடு தீர்ந்து தளம் படுத்துவிட்டது. தானியங்கி நிரல்களுக்கு அறிவிப்பு வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் ‘இந்தப் பக்கம் வராதே’ என்று எழுதித்தான் வைத்திருந்தேன். மார்ட்டைன் கோஸ்டர் 1994-இல் முன்வைத்த ஏற்பாடு, 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாகவும் வந்துவிட்டது. இன்றும் அது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. நீங்கள் நாகரிகமாகப் பெயர் தேடுகிறீர்கள். நடந்ததற்குச் சரியான பெயர் சுரண்டல்தான்.

பெங்களூர் நிரலர்:

அம்மா, உங்கள் கோபம் நியாயம். கேட்பதற்கும் கேட்பதற்கும் நடுவே சில நொடி இடைவெளி விடாதவன் இந்த வேலைக்கே லாயக்கில்லை. ஆனால் மூடப்போன ஒரு பழைய இதழின் தளத்தை நான் இப்படித்தான் காப்பாற்றினேன். எல்லாம் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்து எழுத்துரு. ‘கொடி’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால், கால் பின்னால், மூன்றும் தனித்தனிக் குறிகள். இன்றைய யூனிகோடில் மெய்யைத்தானே முதலில் வைக்க வேண்டும்? எடுத்தது ஒரு மணி நேரம், கொம்புகளை இடம் மாற்றியது இரண்டு வாரம். அதையும் சுரண்டல் என்பீர்களா?

திருச்சி நூலகர்:

அதற்கு மீட்பு என்று பெயர். இரண்டுக்கும் ஒரே பொத்தான் என்பதுதான் என் குறை.

கோவை மொழிபெயர்ப்பாளர்:

இரவு பதினொன்றரை. பொத்தானில் பன்னிரண்டு எழுத்துக்குமேல் இடமில்லை. ‘துருவு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன், கருவி ‘வலைத்துருவி’. ஆதரித்தவர்கள் ஐவர். மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று கொள்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா, இலங்கைப் பதிப்பு தனியாக வந்தால் திருவலையைக் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சைப் புலவர்:

சிரவை பற்றிய மடல் இணைப்பில், ஒன்பது பக்கம்.

திருச்சி நூலகர்:

வாழ்த்துகள் தம்பி. என் வழங்கியில் (சர்வரில்) தடைப்பட்டியலின் பெயர் ‘சுரண்டிகள்’. அதை மாற்றுவதாக இல்லை. உங்கள் வலைத்துருவி வந்தாலும் 403தான், ‘அனுமதி இல்லை’.