வீணைச் சுருதிக்குப் பிரவுசரில் ஓடும் டியூனர் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக உறையிலேயே இருந்த அம்மாவின் வீணையை எடுத்து, தந்தி மாற்றி, மறுபடி வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். சுருதி 3 கட்டை.

பழைய மடிக்கணினிதான் இருக்கிறது. அதனால் எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே திறக்கும் இலவச டியூனர்கள் இரண்டு மூன்றைப் பார்த்தேன். சாரணி, பஞ்சமத் தந்திகளைச் சுருதி சேர்க்கச் சிக்கலே இல்லை. மேளம், அதாவது மெழுகில் பதித்த மெட்டுகள் (ஸ்வரக் கட்டைகள்) சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும்போதுதான் குழப்பம். அந்தர காந்தாரம் தம்புராவோடு அப்படியே இழைந்து நிற்கிறது. ஆனால் டியூனரின் முள் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவு என்று சிவப்பில் காட்டுகிறது. காரணம் புரிகிறது. கீபோர்டுபோலச் சம இடைவெளியில் பிரித்தால் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட், ஷட்ஜத்தின் அதிர்வெண்ணுக்கு 5/4 விகிதத்தில் வைத்தால் 386. பஞ்சமத்தில் இந்த வித்தியாசம் 2 சென்ட்தான், காதுக்குத் தெரியாது. முள்ளை நம்பி மெழுகைச் சூடாக்கி மெட்டை நகர்த்தக் கரண்டிவரை எடுத்துவிட்டேன். நல்லவேளை, கை வரவில்லை.

அப்புறம், மந்தரத் தந்தியை மீட்டினால் நாதம் அடங்கும் முன்பே முள் விழுந்துவிடுகிறது. பிரவுசரின் இரைச்சல் குறைப்பு, நீண்டு நிற்கும் நாதத்தையும் சேர்த்து வெட்டுகிறது என்று நினைக்கிறேன்.

ஆதார ஷட்ஜத்தை நாமே 164.8 ஹெர்ட்ஸ் என்று கொடுத்து, மற்ற ஸ்வரங்களை விகிதப்படி பார்க்கும் கருவி யாராவது பயன்படுத்துகிறீர்களா? இரைச்சல் குறைப்பை அணைக்கவும் அதில் வழி இருக்க வேண்டும். வீணை வாசிப்பவர்கள், மேளம் கட்டத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை மெழுகைத் தொடப்போவதில்லை.