அளக்காமல் போரிங்கிற்குக் கொடுக்காதீர்கள்: சிலிண்டர் வேலை குறித்த அனுபவங்கள்

ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் தந்தையார் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ் 100 வண்டி கிக்கரில் அழுத்தம் குறைந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் தட்டும் ஓசையும் கேட்கத் தொடங்கியபோது, பார்த்தவர்கள் எல்லோரும் உடனே போரிங் போட, அதாவது தேய்ந்த சிலிண்டரின் துளையைச் சற்றுப் பெரிதாக வெட்டச் சொன்னார்கள். நான் சென்ற லேத் பட்டறைப் பெரியவரோ முதலில் துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை எடுத்து, சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசைகளில் அளந்து, அளவுகளைத் தாளில் எழுதிக் காட்டினார். தேய்மானம் மேற்பகுதியில்தான் மிகுதியாக இருந்தது. பிஸ்டன் மேலே சென்று திரும்பும் இடத்தில் அதன் வேகம் ஒரு கணம் நின்றுவிடுவதால் ஆயில் படலம் மெலிகிறது என்றும், அதே நேரத்தில் எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைச் சிலிண்டர் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது என்றும் அவர் விளக்கினார்.

அதன்பின் அவர் சொன்னதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்: பிஸ்டனை வாங்கி வந்து கையில் கொடுத்த பிறகே போரிங் போட வேண்டும். 50 மி.மீ. சிலிண்டருக்கு 0.25 ஓவர்சைஸ் (0.25 மி.மீ. பெரிய பிஸ்டன்) என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், தயாரிப்பைப் பொறுத்து பிஸ்டனின் உண்மையான அளவு சற்றே மாறும். எனவே அதன் பாவாடைப் பகுதியை, அதாவது ரிங்குகளுக்குக் கீழுள்ள பக்கச்சுவரை, மைக்ரோமீட்டரால் அளந்து, தேவையான இடைவெளியைக் கூட்டி, அந்த அளவிற்கே துளையை முடிக்க வேண்டும். பிஸ்டனின் அலுமினியம் சூட்டில் சிலிண்டரின் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், இடைவெளி குறைந்தால் வண்டி ஜாம் ஆகும். கூடினால் புதிய பிஸ்டனும் பழையதைப் போலவே தட்டும். வெட்டும்போது இறுதி அளவிற்குச் சற்று முன்பே நிறுத்தி, மீதியை ஹோனிங்கில், அதாவது சாணைக்கல்லால் சுவரைத் தேய்த்து, எடுத்தார். டூ ஸ்ட்ரோக் என்பதால் சிலிண்டர் சுவரில் வாயு வந்துபோகும் திறப்புகளான போர்ட்டுகளின் கூரிய விளிம்புகளையும் மழுக்கினார். இந்த வேலையை விட்டுவிட்டால் ரிங் போர்ட்டில் மாட்டி உடைந்துவிடும் என்பதால், சிலிண்டரைத் திரும்ப வாங்கும்போது அந்த விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

சென்னையிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

மேலே சொல்லப்பட்ட முறை இரும்பு லைனர் (உட்குழாய்) உள்ள சிலிண்டர்களுக்கே பொருந்தும். என் வண்டியின் அலுமினிய சிலிண்டர் உட்புறத்தில் நிக்கசில் பூச்சு கொண்டது. நிக்கலில் சிலிக்கன் கார்பைடு துகள்கள் கலந்த அந்தப் பூச்சு மிகக் கடினமானது, ஆனால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி புகுந்து சுவரில் கீறல் விழுந்தபோது, ஒரு பட்டறையில் 0.50 போரிங் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் பூச்சு முழுவதும் போய், மென்மையான அலுமினியத்தின் மீதே ரிங்குகள் உராய்ந்திருக்கும். கீறல் நகத்தில் தட்டுப்பட்டதால், சிலிண்டர் பிளாக்கையும் பிஸ்டனையும் செட்டாகவே மாற்றினேன். செலவு கூடுதல்தான், ஆயினும் இத்தகைய சிலிண்டருக்கு அதுவோ, மறுபூச்சோதான் முறையான வழி. எதைச் செய்தாலும் தூசி வந்த வழியை முதலில் அடைக்காவிட்டால் புதிய சிலிண்டரும் அதே கதிக்கு ஆளாகும்.

மதுரையிலிருந்து இன்னோர் உறுப்பினர்:

என்னுடையது பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350. முந்தைய உரிமையாளர்கள் கடைசி ஓவர்சைஸ் வரை சென்றுவிட்டதால், உள்ளே ஸ்லீவ் எனும் புதிய இரும்புக் குழாயைப் போட்டு மீண்டும் ஸ்டாண்டர்டு அளவிற்குக் கொண்டுவந்தேன். ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை) அளந்துவிட்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறிது ஆயிலை ஊற்றி மறுபடியும் அளந்து பாருங்கள்; அளவு நன்றாக உயர்ந்தால் குறை ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது, உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில் இருக்கிறது. நண்பர் ஒருவருக்கு இந்தச் சோதனையில்தான் வால்வு சரியாக உட்காராதது தெரிந்தது, நல்ல சிலிண்டர் ஒன்று வெட்டுப்படாமல் தப்பியது.

ஹோனிங் முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலால் மட்டும் கழுவிப் பூட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது மிகவும் வருத்தம் தருகிறது. குறுக்கும் நெடுக்குமான ஹோனிங் கோடுகளில் தங்கிய கல் துகள்களைப் பெட்ரோல் முழுமையாக வெளியேற்றாது. சுடுநீரும் சோப்பும் கொண்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் படிவது நிற்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவியவுடன் ஆயில் பூசாவிட்டால் இரும்புச் சுவர் சிறிது நேரத்திலேயே துருப்பிடிக்கும் என்பதால், துணியையும் ஆயிலையும் முன்பே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.