லிஸனிங்: 24-க்கும் 30-க்கும் நடுவில் நிற்கும் ஆறு கேள்வி

(ஒவ்வொரு ஊர்ப்பெயருக்குக் கீழேயும் அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்வது.)

கீழக்கரை

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் இங்கிலீஷ் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதன் லிஸனிங்கில், அதாவது ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் பகுதியில், 6 வாங்கிவிட்டு 7 எட்டாமல் நிற்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. மொத்தம் 40 கேள்வி. ஏறத்தாழ 23 சரியானால் 6, 30 சரியானால் 7, 35 சரியானால் 8. தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். அகடமிக் எழுதினாலும் ஜெனரல் எழுதினாலும் லிஸனிங் ஒன்றுதான். ஆக 24-ல் நிற்கிறவருக்கு வேண்டியது வெறும் ஆறு கேள்வி. அந்த ஆறும் எதனால் போகிறது என்று பார்க்காமல் தினம் ஒரு முழுத் தேர்வு எழுதித் தள்ளுகிறார்கள். முப்பது தேர்வு எழுதிய பிள்ளைக்கும் அதே 24 வருகிறது. தேர்வு எழுதினால் மார்க் தெரியும், காது பழகாது.

ஒரு நாளைக்கு ஒரு பார்ட் போதும். பத்து கேள்வி, ஐந்தாறு நிமிட ஒலிப்பதிவு. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் தடவை தேர்வில் போலவே ஒரே ஓட்டமாகக் கேட்டு எழுதுங்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. விடையைப் பார்க்க வேண்டாம். இரண்டாம் தடவை வேறு நிறப் பேனாவால் திருத்துங்கள். எந்த விடை இரண்டாம் தடவையில் மாறியதோ அது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், வேகத்தில் தவறியது. மூன்றாம் தடவைதான் எழுத்து வடிவத்தை, அதாவது டிரான்ஸ்கிரிப்ட்டை, கையில் எடுத்து விடை வரும் இடத்தில் கோடு போடுவது. இந்த வரிசை மாறவே கூடாது. டிரான்ஸ்கிரிப்ட்டை முதலில் பார்த்துவிட்டால் அப்புறம் காது கேட்காது, கண் பார்த்ததை நினைவுபடுத்திக் கொள்ளும். சப்டைட்டில் போட்டுப் படம் பார்ப்பதும் அப்படித்தான், அது வாசிப்புப் பயிற்சி.

பிறகு ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஒரு குறி. சொல்லே தெரியாது என்றால் 'தெ'. எழுதிக் காட்டினால் தெரிகிற சொல், காதில் பிடிபடவில்லை என்றால் 'கா'. பிடிபட்டது, ஸ்பெல்லிங் போனது என்றால் 'ஸ்'. பேசுகிறவர் பின்னால் மாற்றிச் சொல்ல, முதலில் வந்ததை எழுதிவிட்டால் 'மா'. எந்தக் கேள்வியில் இருக்கிறோம் என்பதே தவறிப்போனால் 'வழி'. இரண்டு வாரம் இப்படிக் குறித்துக் கூட்டிப் பாருங்கள். ஏதோ ஒன்றிரண்டு குறிதான் பக்கம் பூராவும் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு வொகாபுலரி போதாது என்று எல்லோரும் சொல்வார்கள். குறித்துப் பார்த்தால் 'தெ' கொஞ்சமாகத்தான் வரும், 'கா'வும் 'மா'வும்தான் நிறைய.

ஒரு மாதிரி. வீட்டு வாடகை பற்றிய பார்ட் 1. கேள்வித்தாளில் 'மாத வாடகை: ____ பவுண்ட்'. பெண் சொல்கிறாள்: 'இட் வாஸ் த்ரீ ஃபிஃப்டீன், பட் ஃப்ரம் மே இட்ஸ் த்ரீ ஃபிஃப்டி.' 315 என்று எழுதியவர், மாற்றிச் சொன்னதில் விழுந்தார்: 'மா'. முதலில் வந்ததையே 350 என்று கேட்டு, அதோடு காதை மூடிக்கொண்டவருக்கு விடை சரிதான், மார்க்கும் கிடைக்கும். ஆனால் அது 'கா'. அதிர்ஷ்டத்தில் வந்த சரி. அதையும் குறித்து வையுங்கள். 'வாஸ்', 'பட்', 'ஆக்சுவலி', 'சாரி, நோ', 'யூஸ்ட் டு' என்று எது காதில் பட்டாலும் எழுதின கை திரும்பவும் தயாராக வேண்டும்.

'கா' குறி விழுந்த இடத்தில் அந்த ஐந்து வினாடியை மட்டும் பத்துத் தடவை ஓட்டி, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்கும் வசதியைத் தொடாதீர்கள். முக்கால் வேகத்தில் ஒட்டிப் பேசுகிற ஒலிகள் இழுபட்டு வேறு மாதிரி ஆகிவிடும். தேர்வில் அப்படி யாரும் பேச மாட்டார்கள்.

தங்கச்சிமடம்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன 'கா' குறியைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். ஏனென்றால் தமிழ்க் காதுக்கென்று சில இடறல் உண்டு.

ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. டீன்-ல் அழுத்தம் பின்னால், டி-யில் முன்னால் என்று எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தனியாகச் சொன்னால் சரி. 'ஃபிஃப்டீன் பவுண்ட்ஸ்' என்று பின்னால் பெயர்ச்சொல் ஒட்டினால் அழுத்தம் முன்னுக்கு வந்துவிடும், அப்போது அந்தச் சூத்திரம் கைவிடும். அதனால் அழுத்தத்தை விட்டு நீளத்தையும் கடைசி 'ன்'னையும் பிடியுங்கள். அமெரிக்கர் பேசினால் இன்னொரு துப்பு: தர்ட்டியில் நடு ஒலி மெலிந்து 'தர்டி' என்று விழும், தர்டீனில் 'ட்' கனமாக வரும்.

தமிழில் ப என்ற ஒரே எழுத்தை இரண்டு விதமாகவும் ஒலிக்கிறோம். அதனால் பெயரின் ஸ்பெல்லிங்கைச் சொல்லும்போது பி (P), பி (B) என்ற இரண்டு எழுத்தும் ஒன்றாகிவிடும். ஜி-யும் ஜே-யும் மாறும். எம்மும் என்னும் மாறும். இசட்டை அமெரிக்கர் 'ஸீ' என்பார்கள், அதை சி என்று எழுதிவிடுவோம். போன் நம்பரில் பூஜ்யம் 'ஓ' என்று வரும். ஆஸ்திரேலியர் 'ஏ' சொன்னால் 'ஐ' மாதிரி விழும், 'டுடே' கூட 'டுடை'தான். நியூஸிலாந்துக்காரர் 'பென்' என்றால் 'பின்', 'டெஸ்க்' என்றால் 'டிஸ்க்'. இது தெரியாமல் கேட்டால் அந்த வினாடியே மனசு நின்றுவிடும், அடுத்த இரண்டு கேள்வியும் சேர்ந்து போகும்.

'கேன்', 'கான்ட்'. பிரிட்டிஷ்காரர் 'கான்ட்' என்று நீட்டுவதால் தெரிந்துவிடும். இடையில் வரும் 'கேன்' வெறும் 'க்கன்' என்று நசுங்கிவிடும். அமெரிக்கரிடம் கடைசி 'ட்' கேட்காது, உயிரொலி முழுசாகக் கேட்டால் அது 'முடியாது' என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு ஒரு வழி. படகில் வலை போட்ட இடத்தை வாக்கிடாக்கியில் சொல்லும்போது எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்கிறவர் எழுதி, திரும்ப ஒப்பித்துக் காட்டுவார் இல்லையா, அதே வேலைதான். செல்போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அமைப்பில் போய்க் குரலை பிரிட்டன் இங்கிலீஷ், ஆஸ்திரேலியா இங்கிலீஷ் என்று மாற்றிக்கொள்ளலாம். இருபது வரி எழுதி வையுங்கள்: போன் நம்பர், தேதி, விலை, போஸ்ட்கோடு, ஸ்பெல்லிங்கோடு தெருப்பெயர். தம்பி தங்கச்சி யாராவது எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது, உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. தினம் பத்து நிமிடம். ஒரு வித்தியாசம், தேர்வில் 'திரும்பச் சொல்லுங்க' என்று கேட்க முடியாது. ஆகவே ஒரே தடவை.

இங்கே இலங்கை எஃப்எம் கிடைக்கிறது, அதில் இங்கிலீஷ் செய்தி கேட்டால் போதாதா என்று கேட்பார்கள். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த இங்கிலீஷின் நடை நம் நடைக்குப் பக்கம். காது இடறவே இடறாத இடத்தில் என்ன பயிற்சி கிடைக்கும்? பிபிசியின் ஆறு நிமிட இங்கிலீஷ் நிகழ்ச்சி டிரான்ஸ்கிரிப்ட்டோடு இலவசமாகவே இருக்கிறது.

மண்டபம்

ஒன்று மட்டும். செல்போன் ஸ்பீக்கரில் பழகாதீர்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 'ஸ்', 'ஃப்', 'த்' ஒலியெல்லாம் காற்றோடு கரைந்துவிடும். கடைசி 'ஸ்' கேட்காவிட்டால் பன்மை போச்சு, பன்மை போனால் மார்க் போச்சு. நூற்றைம்பது ரூபாய் இயர்போன் போதும், இரண்டு காதிலும் மாட்டுங்கள். இரைச்சலில் பழகினால் காது வலுவாகும் என்று சிலர் சொல்வது ஆரம்பத்தில் கெடுதல்.

விசைப்படகுக்குப் போகிற தம்பிகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் கையில் இருக்கிறது. நாளுக்கு ஒரு பார்ட் என்று வைத்தால் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு போக ஐம்பது பார்ட் தேறும். காக்கா சொன்ன முறையில் அது பெரிய கணக்கு.

தொண்டி

நர்ஸ் பிள்ளைகளுக்காக. பிரிட்டனில் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்றால் லிஸனிங்கில் 7, ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வு) என்றால் பி கிரேடு, அதாவது 350. ஓஇடி லிஸனிங் 42 கேள்வி: பார்ட் ஏ-யில் நோயாளியோடு இரண்டு உரையாடல், 24 கோடிட்ட இடம், பி-யில் ஆறு சின்னத் துண்டு, தலைக்கு ஒரு கேள்வி, சி-யில் இரண்டு நீண்ட பேச்சு, ஆறு ஆறாகப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே தடவைதான் ஓடும்.

பார்ட் ஏ-யில் எல்லோரும் மருத்துவச் சொல்லுக்குப் பயப்படுகிறார்கள். ஹைப்பர்டென்ஷன், அப்பெண்டிசைட்டிஸ் எல்லாம் நாலு வருஷம் படித்த சொல், காதில் விழுந்ததும் கை எழுதிவிடும். இடறுவது நோயாளி பேசும் வீட்டு இங்கிலீஷ். 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் மரத்துப்போய் ஊசி குத்துகிற மாதிரி. 'ஆஃப் மை ஃபுட்' என்றால் சாப்பாடு இறங்கவில்லை. 'த்ரோயிங் அப்' வாந்தி. 'வாட்டர்வொர்க்ஸ்' என்று பெரியவர் ஒருவர் கூச்சத்தோடு சொன்னால் அது சிறுநீர் சம்பந்தம், குழாய்த் தண்ணீர் இல்லை. 'பங்ட் அப்' மூக்கடைப்பு, சிலர் வாயில் மலச்சிக்கலும்தான். 'டிஸ்ஸி ஸ்பெல்' தலைசுற்றல். இந்த மாதிரிச் சொல் நூறு சேர்த்து ஒரு நோட்டில், பக்கத்தில் தமிழில் நம் ஊர் நோயாளி எப்படிச் சொல்வாரோ அப்படி எழுதி வையுங்கள். 'நெஞ்சைக் கரிக்குது' என்பதற்கு எதிரே 'ஹார்ட்பர்ன்'. அப்படி எழுதினால் மறக்காது.

நோட்ஸில் கேட்ட சொல்லையே எழுதுங்கள், மருத்துவச் சொல்லாக மாற்றப் போய் நேரத்தை விடாதீர்கள். ஓட்டம் தொடங்கும் முன் தரும் 30 வினாடியில் தலைப்புகளை மட்டும் படியுங்கள். உரையாடல் அந்தத் தலைப்பு வரிசையில்தான் போகும்.

தேவிப்பட்டினம்

பார்ட் 3-ல் இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்து பேசும்போது ஏ, பி, சி மூன்று விடையிலும் உள்ள சொல் எல்லாமே காதில் விழுகிறதே, எதை எடுப்பது?

கீழக்கரை

மூன்றும் விழத்தான் செய்யும், அப்படித்தான் தாள் எழுதுகிறார்கள். விடையில் இருக்கும் சொல் அச்சு மாறாமல் காதில் வந்தால் சந்தேகப்படுங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு வார்த்தையில் வரும். 'டூ எக்ஸ்பென்சிவ்' என்று தாளில் இருந்தால், 'வீ ஜஸ்ட் டோன்ட் ஹேவ் த பட்ஜெட்' என்று பேசுவார்கள். கேள்விக்கு முன் தரும் இடைவெளியில் ஒவ்வொரு விடையையும் மனசுக்குள் தமிழில் ஒரு சொல்லாகச் சுருக்குங்கள்: விலை, தூரம், நேரம். அப்போது சொல்லைத் தேடாமல் பொருளைத் தேடுவீர்கள். இன்னொன்று, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் 'ம்ம், ஐ சப்போஸ் ஸோ' என்கிறாரா, 'வெல், மேபி...' என்று இழுக்கிறாரா என்பதில் விடை இருக்கும். முடிவு இரண்டாவது ஆளின் வாயில்தான்.

'வழி' தவறுகிறவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு கேள்வியின் மேல் கண் வையுங்கள். கேள்விகள் பேச்சின் வரிசையில்தான் வரும். அடுத்த கேள்வியின் சொல் கேட்டுவிட்டால் முந்தையது போய்விட்டது, விட்டுவிட்டு நகருங்கள். கடைசியில் ஊகித்து எழுதலாம். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

பார்ட் 2-ல் வரைபடம் வந்தால் திசைச்சொல்தான் எல்லாம். இராமேஸ்வரம் கோயிலின் நான்கு ரத வீதியை ஒரு தாளில் வரைந்து, ஒருவர் இங்கிலீஷில் வழி சொல்ல மற்றவர் விரலை நகர்த்துங்கள். மேற்குக் கோபுரத்திலிருந்து வெளியே வந்து வலது பக்கம் திரும்பி, முதல் முனையில் மறுபடி வலது: எந்த வீதி? வடக்கு ரத வீதி என்று உடனே வர வேண்டும். தெரிந்த இடத்தில் 'க்ளாக்வைஸ்', 'ஆப்போஸிட்', 'ஜஸ்ட் பாஸ்ட்', 'அட் த ஃபார் எண்ட்' எல்லாம் பழகிவிட்டால், தாளில் லண்டன் பூங்கா வந்தாலும் விரல் நகரும்.

'ஸ்' குறிக்கு மருந்து எளிது. அக்கமடேஷனுக்கு சி இரண்டு, எம் இரண்டு. வெட்னஸ்டே, ஃபெப்ரவரி, கவர்ன்மெண்ட், என்விரான்மெண்ட், ரிசீட், க்வெஸ்ச்சனேர்: ஊமை எழுத்தும் இரட்டை எழுத்தும் உள்ள ஐம்பது சொல்லை எழுதி எழுதிப் பாருங்கள். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டும் ஏற்பார்கள். இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்று இருக்கும்போது 'த' (the) சேர்த்து மூன்றாக்கினால் மார்க் இல்லை. தாள் தேர்வு நடக்கும் இடத்தில் விடையை விடைத்தாளில் மாற்றி எழுத 10 நிமிடம் உண்டு. கணினித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடம்தான். கணினியில் எழுதப் போகிறவர் பயிற்சியிலும் தட்டச்சு செய்தே பழகுங்கள். கையால் சரியாக எழுதுகிறவர்கள் விசைப்பலகையில் எழுத்தை முன்பின் மாற்றிவிடுகிறார்கள்.

தங்கச்சிமடம்

தேர்வு மதுரையில் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். இராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். விடியற்காலை பஸ்ஸில் நாலு மணி நேரம் எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டு இறங்கினால் லிஸனிங்கில் முதல் பத்துக் கேள்விக்குக் காது மந்தமாகத்தான் இருக்கும். அன்று காலை விடை சரிபார்க்கிற பயிற்சி எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டு, ஏற்கெனவே டிரான்ஸ்கிரிப்ட்டோடு பார்த்து முடித்த ஒரு பார்ட் 1-ஐ மட்டும் இயர்போனில் ஒரு தடவை கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.