மர கவுண்டர்டாப்பை கேபினெட் மேல எப்படி ஃபிக்ஸ் பண்றது? கம் போடலாமா வேண்டாமா?

பாதிகிச்சன்:
வணக்கம் எல்லாருக்கும். கிச்சனுக்கு தேக்கு பலகைய சேர்த்து ஒட்டி கவுண்டர்டாப் ரெடி பண்ணியாச்சு, நீளம் 2.4 மீட்டர், அகலம் 600 மிமீ, திக்னஸ் 40 மிமீ. கீழ கேபினெட் எல்லாம் 18 மிமீ ப்ளைவுட், மேல மூடி கிடையாது, முன்னாடி ஒரு சட்டம் பின்னாடி ஒரு சட்டம் அவ்ளோதான். ஆசாரி என்ன சொல்றார்னா சட்டம் பூரா கம் தடவி மேல பலகைய வெச்சு, கீழ இருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டா ஜென்மத்துக்கும் அசையாதுங்கறார். ஆனா தெரிஞ்சவர் ஒருத்தர் கம் போட்டா மரம் வெடிச்சுடும்னு பயமுறுத்துறார். யார் சொல்றத கேக்கறதுன்னே புரியல. ஸ்க்ரூ மட்டும் போட்டா பத்துமா, எவ்ளோ நீள ஸ்க்ரூ வாங்கணும்? பலகைல சிங்க் கட்டிங்கும் ஒன்னு வருது.

நூல்புடிச்சவன்:
கம் வேண்டாம். ஸ்க்ரூ போதும், ஆனா பின்பக்க ஓட்டைய நீட்டமா போடச் சொல்லுங்க. அசையாம புடிக்கறதுதான் இங்க பிரச்சனையே.

உளிச்சத்தம்:
மேல அவர் சொன்னது கரெக்ட், ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன். மரம் காத்துல இருக்கற ஈரத்த இழுத்து விரியும், காஞ்சா சுருங்கும், எவ்ளோ சீசன் பண்ண மரமா இருந்தாலும் இது நிக்காது. ஆனா எல்லா பக்கமும் ஒரே மாதிரி விரியாது. ரேகை ஓடற நீளவாக்குல கண்ணுக்கே தெரியாது, குறுக்குலதான் வேலைய காட்டும். தேக்கு மத்த மரங்களவிட அடக்கமானதுதான், அப்படியும் மரத்தோட ஈரப்பதம் 8 சதவீதத்துல இருந்து 12க்கு ஏறுச்சுன்னா உங்க 600 மிமீ அகலத்துல 4, 5 மிமீ வரைக்கும் வித்தியாசம் வரும். அது பலகைய எப்படி அறுத்துருக்காங்கங்கறத பொறுத்து, மரத்தோட வளர்ச்சி வளையத்துக்கு செங்குத்தா அறுத்த பலகைன்னா அதுல கிட்டத்தட்ட பாதிதான் வரும். கீழ இருக்கற ப்ளைவுட்டோ கிட்டத்தட்ட நகரவே நகராது. ரெண்டையும் கம் போட்டு பூட்டிட்டா, விரியறப்ப பலகை நடுவுல தூக்கும், சுருங்கறப்ப எங்க வீக்கா இருக்கோ அங்க பொளந்துக்கும், பெரும்பாலும் ஜாயின்ட்லயே.

இன்னொன்னு, அந்த பலகை வெயிட்ட யோசிங்க. தேக்கு ஒரு கனமீட்டர் சுமார் 650 கிலோ, உங்க அளவுக்கு கணக்கு போட்டா 37 கிலோ வருது. அது எங்கயும் ஓடிப்போகாது சார். ஸ்க்ரூ எதுக்குன்னா பலகை வழுக்காம இருக்க, நெளியாம படுத்துருக்க, அதுக்குத்தான்.

செய்முறைன்னு பாத்தா முன் சட்டத்துல சாதா உருண்டை ஓட்டை, டைட்டா. அப்பதான் முன்னாடி நீட்டிட்டு இருக்கற விளிம்பு எப்பவும் ஒரே அளவுல நிக்கும். பின் சட்டத்துல ஓட்டைய முன்னும் பின்னுமா 15 மிமீ நீட்டி, 5 மிமீ ஸ்க்ரூவ நடுவுல நிறுத்தி, பெரிய வாஷர் போட்டு முறுக்கணும். இப்ப நகர்றது எல்லாம் சுவர் பக்கமா போயிடும், அதனால சுவர்கிட்ட 5, 6 மிமீ கேப் விட்டே ஆகணும். அத மறைக்கற பட்டைய சுவத்துல மட்டும் ஒட்டுங்க, பலகையோட சேர்த்து ஒட்டிடாதீங்க.

ரீப்பர்கட்டை:
நான் ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்ல ஒட்டித்தான் வெச்சாங்க, பல வருஷமாச்சு, ஒரு கீறல் கிடையாது. சும்மா நெட்ல படிச்சுட்டு எல்லாரும் பயமுறுத்தாதீங்க.

உளிச்சத்தம்:
உங்களுது முழு மரமா இல்ல ப்ளைவுட் மேல வெனீர், அதாவது மெல்லிசா சீவுன மரத்தகடு, ஒட்டுனதா? வெனீர்னா தாராளமா ஒட்டலாம், அது நகராது. எதுல ஒட்டுனாங்கங்கறதும் இருக்கு, சிலிக்கான அங்கங்க பொட்டு பொட்டா வெச்சுருந்தா அது ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுத்து குடுக்கும். வெள்ளை கம் காஞ்சா கல்லுதான்.

ரீப்பர்கட்டை:
கேட்டுட்டேன், சிலிக்கான்தானாம். சரி விடுங்க 😀

பாதிகிச்சன்:
ரொம்ப நன்றிங்க, இப்பதான் புரியுது. ஸ்க்ரூ நீளம் மட்டும் சொல்லிடுங்க, மேல பொத்துக்கிட்டு வந்துடுமோன்னு பயமா இருக்கு. அப்புறம் சட்டத்துல நீட்டு ஓட்டை போடறதெல்லாம் வேலைக்காவாதுங்கறார் ஆசாரி, வேற வழி இருக்கா?

நூல்புடிச்சவன்:
நீட்டு ஓட்டை போட்டிருக்கற எல் பிராக்கெட் ரெடிமேடா கிடைக்குது, அத சட்டத்தோட உள்பக்கம் அடிச்சா முடிஞ்சுது, ஸ்லாட் முன்னும் பின்னுமா பாத்துருக்கணும், இடவலமா போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. ஸ்க்ரூவுக்கு சட்டம் 18, பலகைக்குள்ள ஒரு 22, ஆக 40 மிமீ ஸ்க்ரூ. பலகை திக்னஸ்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல உள்ள போகக்கூடாது, உங்களுக்கு அது 26 கிட்ட வரும். பிராக்கெட்ல போடறதா இருந்தா நடுவுல சட்டம் இல்ல, அதனால 25 மிமீ ஸ்க்ரூ, 40 வாங்கிட்டு வந்து அங்க போட்டுடாதீங்க. மொதல்ல 3.5 மிமீ பிட்ல ஓட்டை போட்டுட்டு பிட் மேல டேப் சுத்தி அளவு வெச்சுக்கோங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவா பாத்து வாங்குங்க, சாதா இரும்பு ஈரத்துல கறை புடிக்கும். கடைசி முறுக்கு கைலதான், மெஷின்ல விட்டு இறுக்குனா வாஷர் நகராது அப்புறம் ஸ்லாட் போட்டதே வேஸ்ட்.

கசிவுபார்ப்பவர்:
சிங்க் பத்தி யாருமே பேசலயே, ஸ்க்ரூவவிட அதுதான் பலகைய சீக்கிரம் கெடுக்கும். வெட்டுன வாயில ரெண்டு பக்கம் ரேகை முனை திறந்துருக்கும், தண்ணிய அது உறிஞ்சற வேகத்த மேல்பரப்பு கிட்டயே வர முடியாது. அங்க பாலிஷோ ஆயிலோ, எது போடறீங்களோ அத குடிச்சு நிக்கற வரைக்கும் திரும்ப திரும்ப குடுங்க, குழாய் ஓட்டைக்கும் அதேதான். மரத்துக்கு விளிம்பு மேல உக்கார்ற சிங்க் சேஃப், கீழ இருந்து தொங்கற சிங்க்ல வெட்டுவாய் வெளில தெரியும், தினமும் நனையும்.

அடிப்பக்கத்தையும் விட்டுடாதீங்க, மேல எத்தன கோட்டோ கீழயும் அத்தன கோட். மேல மட்டும் அடிச்சா ஒரு பக்கம் ஈரம் ஏறி ஒரு பக்கம் ஏறாம பலகை வளைஞ்சுடும், அத எந்த ஸ்க்ரூவாலயும் இழுத்து படுக்க வெக்க முடியாது. பலகைக்கு கீழ டிஷ்வாஷர் வர்றதா இருந்தா அதோட கதவுக்கு மேல வர்ற அடிப்பாகத்துல அலுமினிய ஃபாயில் ஷீட் ஒட்டிடுங்க, திறக்கும்போது வர்ற ஆவி நேரா அங்கதான் அடிக்கும். இதெல்லாம் பலகைய மாட்டறதுக்கு முன்னாடியே செஞ்சுடணும், மாட்டுனப்புறம் கேபினெட்டுக்குள்ள தலைய விட்டு ப்ரஷ் அடிக்கறது நடக்காத காரியம்.

பாதிகிச்சன்:
டிஷ்வாஷர் இல்ல. அடிப்பக்கம் ஒரு கோட்கூட அடிக்கல, ஆசாரி நாளைக்கே மாட்டறேன்னு நிக்கறார். நிறுத்தச் சொல்லிட்டேன்.