விடுதிக் காலத்து ஆள் யாரையாவது எதிர்பாராமல் சந்தித்ததுண்டா?

மாடிக்கட்டில்

கல்லூரியின் பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் இருந்தவர்கள் எவருக்கும் விளங்கும். ரொறன்ரோவில் பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனம். கல்லூரிக் கீதம், அதிபரின் காணொளி வாழ்த்து, மைதானத்துக்குக் காசு சேர்ப்பு, எல்லாம் வழக்கம்போலத்தான். நான் கோழிக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு குரல்: "நாப்பத்தேழு!"

ஒரே தரம்தான் கேட்டது, கழுத்து தன்பாட்டில் திரும்பிவிட்டது. 87 ஒக்டோபரில் சண்டை தொடங்கி விடுதியை விட்டு ஓடிவந்ததற்குப் பிறகு ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உடுப்பு நம்பர். சேட், சாரம், தலையணை உறை எல்லாவற்றிலும் 47.

மெலிந்த மனிதர், இரவல் வாங்கியது போன்ற பெரிய கோட். விடுதியில் எங்கள் உடுப்புகளை எண்ணி, மடித்து, நம்பர்படி அடுக்கிவைப்பாரே, அவர்தான். மகனிடம் வந்திருக்கிறாராம். கிட்ட வந்தவர் ஒன்றும் பேசாமல் என் சேட்டின் கழுத்துப்பட்டியைப் பெருவிரலால் மடித்து உள்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இப்ப ஆர் தம்பி உங்களுக்கு நம்பர் போடுறது?" என்றார்.

சிரித்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பிரிவைப் படமெடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வந்தால் ஆளில்லை. அவருடைய பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. விடுதியில் இருந்த ஆறு வருடமும் "உடுப்பு அண்ணை"தான். என் மேசையில் இருந்த எட்டுப் பேரையும் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆண்டுவிழா மலரில் வெள்ளைக்கார அதிபர்களின் படங்கள் மீசையோடு வரிசையாக இருக்கின்றன, சமையற்கட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை.

பாண் இரண்டு துண்டு

என் நம்பர் 112. உங்களுடையதைப் போல மனதைத் தைக்கிற கதையில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொழும்பில் பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை. மேசையில் கிடத்தியாயிற்று. முகமூடி போட்ட வைத்தியர் குனிந்து என் காதுக்குள் "ஃபோர் வாட் வி ஆர் அபௌட் டு ரிசீவ்" என்றார். நான் சைவப் பெடியன், ஆனால் ஏழு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று தரம் அந்தச் செபம் சொல்லித்தான் சாப்பிட்டவன். மிச்சத்தை முழுவதும் சொல்லி "ஆமென்" போட்டேன், மயக்கமருந்து ஏறிவிட்டது. விழித்த பிறகு நேர்ஸிடம் யார் அவர் என்று கேட்டால், "டொக்டர் லீவில போயிட்டார்." வைத்தியரின் பெயர் தாளில் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் எங்களோடு யார் இருந்தது? இன்றைக்கும் பிடிபடவில்லை. பட்டப்பெயர் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பேன்.

வட்டுக்கோட்டை வடக்கு

மாடிக்கட்டில் சொன்ன அந்த மலரை நானும் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே "வடமாகாணத்தின் மிகப் பழைய கல்லூரி" என்று போட்டிருக்கிறார்கள். இந்தச் சண்டை எப்போது ஓயுமோ. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் வேர் வெஸ்லியன் மிஷன் 1816இல் தொடங்கிய பள்ளிக்கூடம். பரியோவான் கல்லூரியின் தொடக்கமான நல்லூர் செமினரியும் அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரியும் 1823. எங்களை 1855இல் மூடிவிட்டு 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாகத் திறந்தார்கள் என்பதைச் சொல்லிக் குத்துவார்கள், குத்தட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும், 1857இல், எங்கள் செமினரியில் படித்தவர்கள்தான்: கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை.

அந்தக் "கறோல்" எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் ஒருவர் ஒரு பெடியனின் படிப்புச் செலவை ஏற்றால், அவர் விரும்பும் பெயரை அவனுக்கு வைப்பார்கள். அப்போது அது வழக்கம்.

என் சந்திப்பு இதைப் பற்றியதுதான். பழைய மாணவர் சங்கத்தில் நான் சும்மா கதிரை அடுக்கும் உறுப்பினராக இருந்த காலம், அமெரிக்காவிலிருந்து ஒரு வயதான அம்மா வந்திருந்தார். கைப்பையில் பழைய கடிதங்களின் பிரதிகள். அவருடைய கொள்ளுப்பாட்டியின் குடும்பத்தில் சின்ன வயதில் இறந்துபோன மகனின் பெயரை இங்கே ஒரு மாணவனுக்கு வைத்து வருடாவருடம் காசு அனுப்பினார்களாம். "அந்தப் பெடியனின் சந்ததி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். அந்தப் பெயரை வைத்து என்னத்தைத் தேடுவது? அவனுடைய தாய் வைத்த பெயர் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. அந்த அம்மா சப்பல் (தேவாலய) வாசல்படியில் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் மடியில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணி அடிக்கிறவன்

தம்பி மாடிக்கட்டில், குறை நினைக்கக்கூடாது, பெயர் தெரியவில்லை என்று இங்கே எழுதி என்ன பயன்? நான் சொல்வதைச் செய்யுங்கள். முதலில் உங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் சமையற்காரர், காவற்காரர், தோட்டக்காரர், மணி அடிக்கிறவர் என்று ஒரு பட்டியல் தொடங்கி, யாருக்கு எது ஞாபகமோ அதை எழுதச் சொல்லுங்கள். எந்த ஆண்டு என்று கேட்டால் ஒருவருக்கும் வராது, "வடக்கின் பெருஞ்சமரில் அந்த முறை ஆர் வென்றது?" என்று கேளுங்கள், ஆண்டு தானாக வரும், மத்திய கல்லூரிக்கும் பரியோவானுக்கும் 1904இலிருந்து நடக்கிற கிரிக்கெட் ஆட்டம். அப்புறம் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள், ஃபோனில் பதிவு செய்யுங்கள், ஆனால் மூன்று பேராகப் போகாதீர்கள், அவர்கள் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய மலர், சம்பளப் பதிவேடு, படம் எது கிடைத்தாலும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் மின்வருடி இணையத்தில் போடுவார்கள். மற்றது, காசு சேர்ப்பதைக் குறைசொல்வது போல எழுதியிருக்கிறீர்கள். 1960, 61இல் அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்தபோது தனியாக நின்ற கல்லூரிகள் மாணவர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று ஆயிற்று. பழைய மாணவர்கள் கை கொடுக்காவிட்டால் கூரை நின்றிருக்குமா? என்னுடைய அனுபவம் என்று கேட்டால், ஒரு முறை அதிபரை பஸ்ஸில் கண்டு எழும்பி இடம் கொடுத்தேன், அவர் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மாடிக்கட்டில்

அண்ணை, காசு சேர்ப்பதைக் குறை சொல்லவில்லை. நானும் கொடுத்தேன். ஒரு மனிதர் என் கழுத்துப்பட்டியை மடித்துப் பார்த்தார், நான் படமெடுக்க ஓடிவிட்டேன், அதைத்தான் எழுதினேன்.

பாண் இரண்டு துண்டு

மணி அண்ணை, பஸ்ஸில் ஏன் இருக்கவில்லை அவர்? அதைச் சொல்லாமல் பெருஞ்சமருக்குப் போய்விட்டீர்களே.

றங்குப்பெட்டி

இதுவரை வாசித்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். உடுப்பு அண்ணை முதலில் சேங்கொட்டைப் பாலால்தான் நம்பர் எழுதுவார். சிலருக்குக் கழுத்தில் தடித்துக் கடிக்கும். எனக்கும் கடித்தது. அதனால் என்னுடையதற்கு மட்டும் சிவப்பு நூலால் தைத்துத் தந்தார், ஒவ்வொரு எழுத்தும் அரை அங்குலம் இருக்கும். 95 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் நடக்கும்போது மழையில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன், பாலத்தடியில் சனத்துக்குள் நெரிபட்டுப் பெட்டி திறந்து உடுப்பெல்லாம் சேற்றில். யாரோ ஒரு தாய் ஒரு சேட்டை எடுத்துக் கழுத்தைப் பார்த்து "ஆற்ற இது, நாப்பத்தேழு?" என்று கத்தினார்.

மாடிக்கட்டில் அண்ணை, நீங்கள் 87இல் போய்விட்டீர்கள். நான் 91இல் சேர்ந்தேன், காலியாக இருந்த நம்பரைத்தான் எனக்குத் தந்தார்கள். உடுப்பு அண்ணை என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு ரொறன்ரோவில் நானும் இருந்தேன், ஆறாம் மேசை. கொஞ்சம் பிந்தித்தான் வந்தேன்.

மாடிக்கட்டில்

ஆறாம் மேசை எனக்கு நேர் பின்னால்.

உள்பக்கத்தைப் பார்த்தவர் சிவப்பு நூலையா தேடினார்?